மகளிர் பிரிவுச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவி அவர்களுக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்சாப் குழுவில் போய்ச் சேரும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் வைத்தோம். எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் இரண்டு நடந்தன. அன்னையர் தினத்துக்குக் கேக் வெட்டினோம்.

அப்புறம், எல்லாரும் கேட்கக் காத்திருக்கும் என்சைம் விவகாரம், அதாவது பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் துப்புரவு நீர். சென்ற 2025-இல் ஜனவரி 29 சீனப் புத்தாண்டு. நம் பினாங்கில் அந்த வாரம் எந்த வீட்டில்தான் ஆரஞ்சுத் தோல் இல்லை? அது குப்பைக்குப் போவதைவிடத் தரை துடைக்கும் நீராகட்டும் என்று நான்தான் திட்டம் கொடுத்தேன். அளவு எளிது: சர்க்கரை ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. 100 கிராம் பழுப்புச் சர்க்கரைக்கு 300 கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும். மூன்று மாதம் பொறுத்து வடிகட்ட வேண்டும். பிப்ரவரி 1, சனிக்கிழமை, 24 போத்தல் போட்டு மண்டபத்து ஸ்டோரில் வைத்தோம்.

முதல் மாதம் தினமும் மூடியைத் திருகிக் காற்றை விட வேண்டும். சர்க்கரை புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும். இதை அன்றே சொன்னேன், எழுதியும் ஒட்டினேன். 12 பேர் முறை வைத்துப் பெயர் கொடுத்தார்கள், முதல் வாரத்தில் வந்தது நான்கு பேர். பிப்ரவரி 11 தைப்பூசம். அதற்கு முன்னும் பின்னும் எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தலில். ஸ்டோரில் இரண்டு போத்தல் வெடித்து, கூரையெல்லாம் ஆரஞ்சுத் தோல். நானும் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் என் முறை இல்லை. பட்டியல் இன்னும் என் பைலில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். "செயலாளர் வெடிகுண்டு செய்கிறார்" என்று குழுவில் எழுதியவர் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு.

மீதி 22 போத்தலும் மே மாதம் நன்றாகவே வந்தன. தண்ணீரில் கலந்து மண்டபத் தரையைத் துடைக்கிறோம், சிங்க்கில் ஊற்றுகிறோம். இது கிருமியைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கோழி வெட்டிய பலகைக்கும் நோயாளி அறைக்கும் பிளீச்தான். அந்தப் பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ இந்த என்சைமோ சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அது விளையாட்டில்லை.

ஜூன் பயிலரங்கில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை காட்டச் சொன்னார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் மிச்சம் கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர். சோடா தனியாகக் குவாலி (வாணலி) எண்ணெய்ப் பிசுக்குக்கு, வினிகர் தனியாகக் குழாயில் படியும் சோப்புக் கறைக்கு. இதைச் சொன்னதால் நான் விழாவைக் கெடுத்தேனாம். செயலவையினர் ஒருவர் வீட்டு மார்பிள் படி எலுமிச்சை பட்டு மங்கிப்போனதற்கும் நானே காரணமாம். மார்பிளில் புளிப்பு ஆகாது என்று துண்டுத்தாளின் பின்பக்கம் தெளிவாக இருந்தது. தாளைத் திருப்புவதும் செயலாளரின் வேலையா?

ஆண்டு முழுவதிலும் கூட்டம் வந்த ஒரே நாள், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையோடு கொஞ்சம் உப்பு சேர்த்துக் குத்துவிளக்குத் தேய்த்தோம். கறுப்பை எடுப்பது புளியில் உள்ள அமிலம். தேய்த்ததும் நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாளே புள்ளி விழும். நம் பாட்டிமார் செய்ததுதான், நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. 31 பேர் 50-க்கு மேல் விளக்கு கொண்டுவந்தார்கள். மினுமினுக்கும் விளக்கோடு போனார்கள். அதில் சந்தா கட்டியிருந்தவர்கள் ஒன்பது பேர்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. கூரைக்குப் பெயிண்ட் அடித்தது 'இதர' என்ற தலைப்பில் வரும்.

தலைவிக்கும் பொருளாளருக்கும் மண்டபச் சாவி வைத்திருக்கும் அண்ணனுக்கும் நன்றி. பசாரில் தோல் சேர்த்துக் கொடுத்த பழக்கடைக்காரருக்குத் தனி நன்றி. அவர் உறுப்பினர்கூட இல்லை.

இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் அனுப்ப வேண்டும். அதில் உறுப்பினர் எண்ணிக்கை கேட்பார்கள். ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) சந்தா, அதாவது மாதம் இரண்டு வெள்ளி கட்டாதவர்களை உறுப்பினர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானால் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. யாரும் கை தூக்காவிட்டால் பழைய வேலையே தொடரும். இந்த 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. தோல் சேர்வதற்குள் காவடியெல்லாம் இறங்கியிருக்கும், ஆகவே மூடி திறக்க வராததற்குப் பந்தலைக் காரணம் காட்ட முடியாது. புதிய முறைப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது என்னைக் கடந்துதான் போக வேண்டும்.