துரை கொடுத்த காசும் முனியாண்டிக்கு வெட்டும் கிடாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர், வெளிநாட்டுக் கருக்கலைப்பு அமைப்புகளுக்கு அமெரிக்கா பணத்தை நிறுத்தியது நல்ல காரியம், சிசுவைக் கொல்ல வரிப்பணம் போகலாமா என்று கேட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் சாமி கும்பிடுகிறவள்தான், மூன்று பிள்ளை பெற்றவள், கருக்கலைப்புக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் விஷயம் அவர் எழுதிய மாதிரி இல்லை.

அமெரிக்க உதவிப் பணத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்யக் கூடாது என்று 1973-லேயே ஹெல்ம்ஸ் திருத்தம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள், எந்த அதிபர் வந்தாலும் அது அப்படியே கிடக்கிறது. இப்போதைய சண்டை வேறு. 1984-ல் மெக்சிகோ சிட்டியில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு அறிவித்த கொள்கை பற்றியது. அதன்படி அமெரிக்காவிடம் காசு வாங்கும் வெளிநாட்டு அமைப்பு, இன்னொரு நாடு கொடுத்த பணத்திலோ தான் திரட்டிய பணத்திலோகூடக் கருக்கலைப்பு செய்யக் கூடாது, அதற்கு எங்கே போவது என்று வழி சொல்லக் கூடாது, சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்கவும் கூடாது. பலாத்காரம், முறைகேடான உறவு, தாயின் உயிருக்கு ஆபத்து, இவற்றுக்கு மட்டும் விலக்கு.

நம் மலேசியத் தோட்டக் கணக்கில் சொல்கிறேன். தோட்டத்துத் துரை கோயில் கூரைக்கு ஐந்நூறு வெள்ளி கொடுக்கிறார், என் காசில் கிடா வெட்டாதே என்கிறார். சரி, அவர் காசு, அவர் பேச்சு. ஆனால் நீங்கள் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணிய காசிலும் முனியாண்டிக்குக் கிடா வெட்டக் கூடாது, வெட்டுவது பற்றி வாயே திறக்கக் கூடாது, திறந்தால் கூரைக்காசும் கிடையாது என்றால்? ஒரு பாக்கெட்டில் போட்டால் இன்னொரு பாக்கெட்டில் காசு மிச்சமாகுமே, அது அங்கேதானே போகும் என்று அன்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்த வாதத்தில் எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிவதும் அது ஒன்றுதான். ஆனாலும் கடைசியில் நனைவது கூரையில்லாத கோயில்தானே.

அதுவும் ஒரே மாதிரி இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். அதிபர் கிளிண்டன் 1993-ல் அந்தக் கொள்கையை எடுத்துவிட்டார், புஷ் 2001-ல் போட்டார், ஒபாமா 2009-ல் எடுத்தார், டிரம்ப் 2017-ல் மறுபடி போட்டு எச்.ஐ.வி., மலேரியா என்று எல்லாச் சுகாதார உதவிக்கும் நீட்டினார், பைடன் 2021-ல் எடுத்தார், 2025 ஜனவரியில் திரும்பவும் டிரம்ப். அதே வருஷம் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் கொடுத்துவந்த அமெரிக்க அரசு நிறுவனமான யு.எஸ்.எய்டையே இழுத்து மூடியும் விட்டார்கள். எங்கோ ஒரு கிராமத்துக் கிளினிக் மிசி (நர்ஸ்), வாஷிங்டனில் யார் ஜெயித்தார் என்று பார்த்துத்தான் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

மாத்திரைப் பெட்டி பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசருக்கு (மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிறவர்) உதவியாக இருந்தவள் நான். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்க வரும் பெண்கள் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பின்வாசல் வழியாக வருவார்கள். ஒரு அக்காள் அட்டையைப் பவுடர் டின்னுக்குள் வைத்து மூடிக் கொண்டுபோகும், புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியவே கூடாது. ஒரு வருஷம் மேலேயிருந்து சரக்கு வரவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம், ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் வா என்று சொல்லியே அனுப்பினோம். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்த கையோடு அதே அக்காளைத் தோட்டத்து லோரியில் பின்னால் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள், கீழே விரித்த சாக்கு முழுக்க ரத்தம். என்ன தின்றாய், யார் கொடுத்தது என்று டிரசர் எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைத்துக்கொண்டது, புண்ணியம்.

அதனால்தான் 2019-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆப்பிரிக்காவில் 26 நாடுகளை எடுத்துக்கொண்டு 1995 முதல் 2014 வரை பார்த்திருக்கிறார்கள். புஷ் காலத்தில் அந்தக் கொள்கை அமலில் இருந்தபோது, அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில் கருத்தடைச் சாதனப் பயன்பாடு குறைந்தது, கர்ப்பம் கூடியது, கருக்கலைப்பு மற்ற நாடுகளோடு ஒப்பிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது. குறையவில்லை ஐயா, கூடியது. கருக்கலைப்பைச் செய்தும், அதைப் பற்றிப் பேசியும் வந்த அமைப்புகள்தான் பல இடங்களில் மாத்திரையும் ஊசியும் கொடுத்துவந்தன, காசு நின்றதும் அதுவும் நின்றது.

இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பேசக்கூடாது என்ற நோய் இங்கேயும் உண்டு, அதற்கு யார் காசும் தேவையில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெண், இதயத்தில் கோளாறு, நாலாவது பிள்ளை வயிற்றில். பயந்துபோய்க் கேட்டதற்கு ஒரு கிளினிக்கில், இதெல்லாம் நம் நாட்டில் குற்றம், போலீஸ் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவை 1989-லேயே திருத்தியாகிவிட்டது. தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கர்ப்பத்தைக் கலைப்பதைவிடத் தொடர்வதுதான் அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம். இதைச் சொல்ல ஆளில்லாமல் அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் வீணானது. முடிவை அவளும் அவள் வீட்டாரும் எடுத்தார்கள், அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வார்த்தை, தப்பாக நினைக்க வேண்டாம். அந்தச் செய்தி வந்த அன்று நீங்கள் போட்ட தலைப்பு ‘கருக்கலைப்புக்கான நிதி ரத்து’. அன்பர் அதைப் படித்துத்தான் கடிதம் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது, வெட்டப்பட்ட பணத்தில் என்னென்ன வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள், அப்படியே 312-ஆம் பிரிவையும் ஒரு பெட்டிச் செய்தியாக.

இப்படிக்கு,
முன்னாள் தோட்ட ஆஸ்பத்திரி ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்