அந்தக் கயிறு இன்னும் என்னிடம்தான்

திருகோணமலையில், கன்னியாப் பக்கத்து மலையில் ஓர் இரவு முழுக்க நான் காணாமல் போயிருந்த கதையைத் திரும்ப எழுதப் போவதில்லை. கன்னியா தொடங்கி உப்புவெளி வரை எல்லோருக்கும் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போனவள் ஏன் மலை ஏறினாள் என்பதற்கு மட்டும் ஒரு பதில்: மேலே போனால் கொட்டியாரக் குடா தெரியுமா என்று பார்க்கத்தான். சின்ன வயதிலிருந்து கோணேசர் மலை ஏறிய கால்தானே என்ற நினைப்பு. அங்கே றோட்டும் படியும் இருப்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

இருட்டிய பிறகும் என் ஸ்கூட்டி அசையாமல் நிற்பதைக் கவனித்து ஆள் திரட்டிய இளநீர்க் கடை அக்கா, யானை நடமாட்டம் தெரிந்தும் டோர்ச் லைட்டோடு பற்றைக்குள் இறங்கிய பொடியன்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் வந்த இருவர், விடியும்வரை அம்மாவின் கையை விடாத அயல் வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. நீங்கள் தேடிய பக்கத்தில் நான் இல்லாமல் போனது என் பிழை.

அப்புறம், அந்த மாட்டுக்கார ஐயா. விடிகிற நேரம், தவறிப்போன கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டார். எந்த ஊர், யாருடைய மகள், ஏன் தனியே வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் என்கிற வறண்ட காற்றில் தொண்டை வறண்டு கிடந்தவளிடம் போத்தலை நீட்டினார். அடி கழன்று வாயைப் பிளந்திருந்த என் சப்பாத்தைப் பார்த்தார். கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, குந்தியிருந்து, சப்பாத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழியெல்லாம் கன்றோடு கதைத்தபடியே போனார். "மெல்ல வா, என்ன அவசரம்." "அந்தக் கல் ஆடும், இந்தப் பக்கம் கால வை." "களைச்சா நில்லு." கன்றோ கயிறு போன சந்தோஷத்தில் அவருக்கும் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தது. பாதி மலை இறங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதையும் அவர் பார்க்கவில்லை.

கீழே சனம் ஓடிவந்த சத்தத்தில் கன்று மிரண்டு ஓட, அவரும் அதன் பின்னால் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கேள்விகள்தான். பாசத்தில்தான் கேட்கிறீர்கள், தெரியும். இனித் தனியாகப் போகமாட்டேன் என்று அம்மா சத்தியம் கேட்டார். சொல்லாமல் போகமாட்டேன், அது மட்டும் நிச்சயம் என்றேன்.

சிவலைக் கன்று, நாகு. வலது காது நுனி வெட்டுப்பட்டிருக்கும். யாருக்காவது அந்தப் பட்டி தெரிந்தால் சொல்லுங்கள். நீல நைலோன் கயிறு, நான்கு முழம் வரும். கழுவி விறாந்தையில் கொழுவியிருக்கிறேன்.