'ஆத்தாடி'யை அடித்துவிடாதீர்கள்

இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய நாளைப் பற்றி என் பேத்தி எழுதிய கட்டுரையில், இடுப்பளவு நீளச் சீலா மீனைக் கண்டு நான் "ஆத்தாடி!" என்று கூவியதாக ஒரு வரி இருந்தது. அச்சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, "மிகவும் வியந்தார்" என்று திருத்தப்பட்டிருக்கிறது. நான் சொன்னது ஆத்தாடிதான்.

ஆத்தாளையும் 'அடி' என்னும் விளியையும் சேர்த்தால் ஆத்தாடி. முன்பின்னாக மாற்றினால் அடியாத்தி. பெண்ணை விளிக்கும் சொல்லாயினும், மீசை நரைத்த படகோட்டியும் தயங்காமல் இதையே சொல்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கையும் எங்கள் ஏலக்கரையில் இந்த ஒரு சொல்லே தாங்கி நிற்கிறது: பெரிய மீனுக்கு அது வெடித்து வரும், இறாலுக்குக் கேட்கும் அடிமாட்டு விலைக்கு "ஆத்தாடீ..." என்று இழுபட்டுத் தொய்யும். அந்த இழுப்பை "வியந்தார்" என்னும் வினைமுற்றில் எப்படிக் காட்டுவது?

பாறையில் மாட்டி வலை கிழிந்தால், "கிழிஞ்சது கிருஷ்ணகிரி!" என்கிறார்கள் எங்கள் பிள்ளைகள். அந்த ஊரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் அவர்கள்; 'கி'யும் 'கி'யும் மோதும் மோனைக்காகவே அவ்வூர் அங்கே வந்து அமர்ந்திருக்கிறது. நட்டத்தின் நடுவே ஒருவர் அதைச் சொல்ல, படகில் எல்லோரும் சிரித்துவிட்டு, அறுந்த கண்ணிகளைக் கோக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் வகுப்பில் நடத்தும் மோனைக்கு இதைவிட உயிருள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

புயல் கூண்டு ஏறிய இரவில் இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். அப்போது ஒரு வீட்டில் "முருகா" என்றும், அடுத்த வீட்டில் "மாதாவே" என்றும், அதற்கடுத்த வீட்டில் "யா அல்லா" என்றும் கேட்கும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நினைக்கும்போது, கூப்பிட்டவர்களின் குரல்தான் எனக்கு முதலில் வருகிறது.

விண்ணப்பத்திலும் விடைத்தாளின் இலக்கணப் பகுதியிலும் இச்சொற்களை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் பேசியதைப் பிள்ளை மேற்கோள் குறிக்குள் எழுதும்போது, பேசியபடியே விட்டுவிடுங்கள். இயன்றால் அடுத்த கட்டுரைக்கு, வீட்டில் பெரியவர்கள் அதிர்ச்சியில் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். என் பேத்தி கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இன்னும் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
பாம்பன் பாட்டி ஒருத்தி