செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: மருந்தறிந்த இரண்டாவது ஆள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

லூபஸ், மூட்டுகளை வீங்கச் செய்யும் முடக்குவாதம் முதலிய, நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களுடன் வாழ்வோரும் அவர்களை வீட்டில் பராமரிப்போரும் சேர்ந்து விழுப்புரத்தில் நடத்திவரும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். டிசம்பர் நீங்கலாக மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. உலக லூபஸ் நாளான மே 10 அன்று, நம்மில் பலர் உட்கொள்ளும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை நீண்ட காலத்தில் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால், மாத்திரையைத் தொடங்கும்போது ஒருமுறையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கண் மருத்துவர் ஒருவர் விளக்கினார். பரிசோதனைக்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து என்று அவர் இருமுறை சொன்னதை இங்கும் பதிவு செய்கிறேன்.

இவ்வாண்டு நம் சங்கத்தின் கவனம் முழுவதும் ஒரே கேள்வியில்தான் இருந்தது: பராமரிப்பு ஏன் எப்போதும் ஒரே ஒருவர் தலையில் விழுகிறது? லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஆகவே நம் வீடுகளில் படுத்துவிடுபவர், அதுவரை மாமியாரின் சர்க்கரை மாத்திரையையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் கணவரின் ஷிப்ட் நேரத்தையும் நினைவில் வைத்திருந்தவராகவே பெரும்பாலும் இருக்கிறார். காலையில் விரல்கள் மடங்காமல் எழுந்து, பதினோரு மணிக்குமேல் ஓரளவு நடமாடத் தொடங்குபவரைப் பார்த்து, "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே அவர் எழுந்து வேலையைச் செய்கிறார். மறுநாள் எழவே முடிவதில்லை.

இக்கேள்வியின் முழுக் கனத்தையும் நமக்கு உணர்த்தியது ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில், குறிப்பாக மயிலத்தில், ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டதில், அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றுபோனது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாத அந்நாட்களில் பல வீடுகளில் மாத்திரைகள் நனைந்து வீணாயின. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவரின் உடல், தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. அந்நிலையில் மாத்திரை திடீரென்று நின்றால் மூட்டுவலி கூடுவதோடு நில்லாமல், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நம் உறுப்பினர் இல்லம் ஒன்றில், நோயுற்ற பெண் வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்க, மருந்து விவரம் அறிந்த கணவர் வேலைக்குச் சென்ற இடத்திலிருந்து திரும்ப வழியின்றிச் சிக்கியிருந்தார். வீட்டில் இருந்த மூவரில் எவருக்கும் மாத்திரையின் பெயரோ அளவோ தெரியவில்லை. பக்கத்துத் தெரு உறுப்பினர் ஒருவர் முழங்கால் நீரில் நடந்து வந்து, பழைய மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்துப் படித்த பிறகே அப்பெண்ணை மருத்துவமனையில் சேர்த்துச் சரியான மருந்தைத் தொடர முடிந்தது. அப்பெண் இன்று நலமாக நம்மிடையே அமர்ந்திருக்கிறார்.

ஜனவரியில் கூடிய செயற்குழு, ஒவ்வோர் இல்லத்திலும் நோயாளியையும் முதன்மைப் பராமரிப்பாளரையும் தவிர மருந்தறிந்த இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கெனக் கையடக்கக் குறிப்பேடு ஒன்று தமிழில் அச்சிட்டு வழங்கப்பட்டது. அதில் நாம் தடித்த எழுத்தில் அச்சிட்ட செய்தி மெத்தோட்ரெக்சேட் பற்றியது. முடக்குவாதத்திற்கு அம்மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது. அறியாதவர் அதைத் தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். எனவே "இரண்டாவது ஆள்" என்பவர் அவசரத்துக்கு அழைக்கப்படும் உறவினராக மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கிழமை எந்த மாத்திரை என்பதைக் குறிப்பேட்டைப் பாராமலே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

இத்தீர்மானம் நிறைவேறிய சில வாரங்களில், தம் மகளை லூபஸ் நோயில் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மாரடைப்பால் காலமானார். மகளின் சிறுநீர்ப் பரிசோதனைத் தேதியை ஒருமுறையும் தவறவிடாத அந்தத் தாய், தமது சர்க்கரை நோய்க்கான பரிசோதனையை நீண்ட காலம் தள்ளிப்போட்டே வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அன்னாருக்கு இச்சபை அஞ்சலி செலுத்துகிறது. பராமரிப்போரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அளந்து குறித்துக்கொள்வது அதன்பின் வழக்கமாகிவிட்டது. நோயாளியின் கோப்பு தடிமனாக இருந்து, பராமரிப்பவருக்குக் கோப்பே இல்லாத வீடு நல்ல நிலையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மற்றொன்றையும் கவலையோடு தெரிவிக்கிறேன். தாய்க்கு நோய் என்றதும் பள்ளி செல்லும் மகள் அடுப்படிக்குப் போவதும், அதே வயது மகன் டியூஷனுக்குப் போவதும் நம் வீடுகளிலேயே நடக்கிறது. பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி நீண்ட விடுப்பில் இருந்ததை அறிந்து, தலைவரும் மகளிர் பிரிவினரும் வீட்டிற்குச் சென்று பேசினர். சமையலைத் தந்தையும் அண்ணனும் பகிர்ந்துகொள்ள, அவர் மீண்டும் பள்ளிக்குச் செல்கிறார். இதுபோன்ற வீடுகள் இன்னும் இருக்கலாம். அறிந்தவர்கள் தயங்காமல் செயற்குழுவிடம் தெரிவிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் லூபஸ் இடம்பெறவில்லை. மூட்டுகள் கோணிப்போய் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இயக்கக் குறைபாடு கணிக்கப்பட்டவர்களுக்கே சலுகைகளுக்கு உதவும் சான்று கிடைக்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, வெயிலில் நிற்கவே முடியாத லூபஸ் நோயாளி ஒருவருக்கு அவ்வழி திறப்பதில்லை. இதனைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளித்துள்ளோம். பதில் எதிர்பார்க்கப்படுகிறது.

புதுச்சேரி ஜிப்மருக்கும் வேலூர் சி.எம்.சி.க்கும் செல்லும் உறுப்பினர்களுடன் துணைக்குச் செல்ல முன்வந்த இளைஞர்களுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும் நன்றி உரித்தாகுக. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபர் முதல் வாரத்திற்குள், ஒவ்வோர் இல்லத்திலும் இரண்டு வார மருந்து நீர்புகா உறையில் இருப்பில் உள்ளதா என்று நேரில் சென்று பார்க்கும் பணிக்குத் தெருவுக்கு ஒருவர் வீதம் பெயர் தருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்