'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம் என்று சென்ற இதழில் ஒரு புத்தகப் பட்டியல் போட்டிருந்தீர்கள். கதை, அறிவியல், ஓவியம் எல்லாம் இருந்தன. சமையல் புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஒரு வருஷமாக என் பிள்ளைகளுக்காக அப்படி ஒன்றைத் தேடி அலைந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது மகன் தானே தேடி ஒரு சிறுவர் சமையல் புத்தகம் எடுத்தான். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். மறுநாளே ரவா உப்புமா செய்யப் போகிறேன் என்று நின்றான். அதில் எழுதியிருந்தது மொத்தம் நாலு வரி. ரவையை வறுத்து, வெங்காயத்தை வதக்கி, தேவையான தண்ணீரும் உப்பும் விட்டு, கொதித்ததும் ரவையைக் கொட்டிக் கிளற வேண்டும். "தேவையான அளவுன்னா எவ்வளவும்மா?" என்று கேட்டான். புத்தகத்தைப் பார்த்தே செய்யட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. உப்புமா கட்டி கட்டியாக, உள்ளே வேகாத மாவோடு வந்தது. "எனக்குச் சமைக்க வராதும்மா" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் அடுப்புப் பக்கமே வரவில்லை. அந்த ஒரு மாதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர், முக்கால் தேக்கரண்டி உப்பு என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

என் மாமியாரிடம் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' பழைய பதிப்பு இருக்கிறது. 1951இல் முதல் பாகம் வந்த புத்தகம். அதில் அளவெல்லாம் ஆழாக்கு, பலம் என்ற பழைய கணக்கில்தான். ஆழாக்கு என்றால் என்ன என்று மகன் கேட்டான். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு ஆழாக்கு சுமார் 170 மில்லி என்று சொன்னதும் பேப்பரில் கணக்குப் போட்டு, எந்த டம்ளர் சரியாக இருக்கும் என்று தேடிக் கொண்டுவந்தான். புதிதாகச் சமைக்க வருகிறவருக்கு அளவு சொல்லியே ஆக வேண்டும் என்ற அக்கறை எழுபது வருஷத்துக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது. இன்று பிள்ளைகளுக்கென்றே எழுதுகிறவர்கள் அதை ஏன் விட்டுவிட்டார்கள்? கப் என்றால் 240 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி என்று முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

அளவைவிடச் சிரமம், பதம். 'பச்சை வாசனை போகும்வரை வதக்கவும்' என்று எழுதிவிடுகிறார்கள். பச்சை வாசனை எது என்று எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மல்லித்தூளைப் போடும் முன்னால் ஒரு தடவை முகர்ந்து பார், இரண்டு நிமிஷம் வதங்கியதும் மறுபடி முகர்ந்து பார் என்று சொன்னால் பிள்ளைக்குத் தானாகப் பிடிபடும். வறுத்த ரவையைக் கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் மணல் மாதிரி சரசரவென்று விழும். புட்டு மாவைக் கையில் பிடித்தால் பிடி நிற்கணும், விரலால் தொட்டால் உதிரணும். ரசம் நுரை கட்டி மேலே வரும்போதே இறக்கிவிடணும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கம்பிப் பதம் பார்க்கச் சொல்கிற புத்தகம், கொதிக்கும் பாகில் விரல் வைக்காதே, தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறியதும் தொட்டுப் பார் என்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் இப்படி அடையாளம் சொல்லும் பக்கங்கள் இருந்தால், படம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன்.

'குக்கரில் மூன்று விசில்' என்று எழுதுவதும் அப்படித்தான். தீ கூடினால் விசில் சீக்கிரம் வரும், குக்கர் பெரிதென்றால் தாமதமாகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிஷம் என்று சொல்வதே பிள்ளைக்கு உதவும். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதே என்பது அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக் குறிப்புகளை முன்னுரையில் மொத்தமாகப் போட்டால் எந்தப் பிள்ளையும் படிப்பதில்லை. கறிவேப்பிலையின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடு என்பது தாளிக்கும் வரியிலேயே வரணும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்து மூடியால் மூடு என்பது பொரிக்கும் பக்கத்தில் இருக்கணும். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து பெரியவரைக் கூப்பிடு என்பதும், கசிவுக்கான 1906 என்ற எண்ணும் பின்னட்டையில் பெரிதாக இருந்தால் ரொம்ப நல்லது.

வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே தமிழாக்கி, 180 டிகிரிக்கு ஓவனைச் சூடாக்கு என்று தொடங்குகிறவற்றையும் நிறையப் பார்த்தேன். ஓவன் இல்லாத வீட்டுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அப்புறம், அட்டையில் அம்மாவும் பெண்ணும் மட்டுமே இருக்கும் புத்தகத்தை என் மகன் கையில் எடுக்கவே தயங்கினான். பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையில் நான் இப்போது செய்வது இதுதான். ஏதாவது ஒரு குறிப்பைத் திறந்து பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தி "அப்படின்னா?" என்று கேட்கிறார்களோ, அதற்கான பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு இடத்துக்கு மேல் பதில் இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுகிறோம்.

தங்கள் இதழில் மாதம் ஒரு சமையல் குறிப்பு, பிள்ளைகள் தனியாகப் படித்துச் செய்யும்படி எழுதி வெளியிட முடியுமா? அச்சேறும் முன் ஒரு பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் குறிப்பாக ரவா உப்புமாவை மகனே அவன் கைப்பட எழுதியிருக்கிறான். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தாம்பரம்