தோட்ட ஆபிஸ் கணினிகள் பற்றி பெருந்தோட்டக் கம்பனி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஹட்டனில் கணினி பழுதுபார்க்கிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். தோட்ட ஆபிஸ்களுக்குப் போனால் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஓடும் கணினிகளை இன்றும் காண்கிறேன். மாற்றச் சொன்னால், "இது பழசு தம்பி, இதுக்கு எந்த வைரஸ் வரப்போகுது?" என்கிறார் கிளாக்கர் ஐயா. மேலிடத்திலும் அதையே சொல்கிறார்களாம். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

பழசுதான் பாதுகாப்பு என்பதற்கு அமெரிக்காவையும் காட்டலாம்: அது தன் அணு ஆயுதப் படைக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பில் 2019 வரை பழங்காலத்து எட்டு அங்குல பிளொப்பித் தட்டுகளைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் அந்த அமைப்பு இணையத்தோடு சேராமல் தனியாக இருந்தது. உங்கள் கணினியிலோ இணையம் தரும் டொங்கல் செருகியிருக்கிறது. சேமலாப நிதி விபரம் கொண்டுபோகும் பென் டிரைவ் வெளியே பல கணினிகளில் ஏறி இறங்கித் திரும்பி வருகிறது. எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு நின்றன. அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. இந்த வைரஸ்கள் பெரிய இடம், சின்ன இடம் பார்ப்பதில்லை. கிடைத்த கணினியைத் தட்டிப் பார்த்து, திறந்தால் நுழைகின்றன.

கொழும்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையை கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் போயே போய்விட்டன. அங்கே ஓடியது காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள்.

சென்ற வருடம் ஒரு தோட்டத்தில் செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு) கோப்புகள் முழுவதும் அப்படித்தான் பூட்டப்பட்டன. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் கையால் எழுதிய புத்தகம் இருந்ததால் தப்பினோம். பேர் பேராகத் திரும்ப ஏற்ற ஒரு வாரம் பிடித்தது. அந்த நாட்களில் ஓர் அம்மா கூடையோடு வாசலில் நின்று, "என் பேர் இருக்கா தம்பி?" என்று கேட்டார். 1948 பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, காட்டக் காகிதமில்லாமல் நாடற்றுப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தக் கேள்வி எனக்குச் சும்மா படவில்லை.

கையால் எழுதும் புத்தகத்தைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பழைய கணினியை வைத்திருப்பதென்றால் சரி, டொங்கலைக் கழற்றிவிடுங்கள். வெளியே போய் வந்த பென் டிரைவை அதில் செருக விடாதீர்கள். இணைய வேலைக்குத் திருத்தங்கள் கிடைக்கும் கணினி ஒன்று தனியாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை செக்ரோலின் பிரதியை ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி, அலுமாரியில் பூட்டச் சொல்லுங்கள். எப்படிச் செய்வதென்று கிளாக்கர்களுக்குக் காட்ட எந்தத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்பவன்