94 விழுக்காட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளின் முதல் தேர்தல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் தொடரில், 1890 ஜூலை 1 அன்று ஜப்பானில் நடைபெற்ற முதல் நாடாளுமன்றத் தேர்தல் குறித்த கட்டுரையைப் படித்தேன். அத்தேர்தலில் ஏறத்தாழ 94 விழுக்காடு வாக்குகள் பதிவானதைக் கட்டுரையாளர் பெருமையோடு எடுத்துக்காட்டி, மக்களாட்சியின் மீது ஒரு நாட்டு மக்கள் கொண்ட ஆர்வத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தார். எண் சரியானது. ஆனால் யாருடைய 94 விழுக்காடு, அவர்கள் எவ்விதம் வாக்களித்தார்கள் என்ற இரண்டையும் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் நிறுத்தினால், படிக்கும் இளைஞர்கள் மனத்தில் தவறான சித்திரமே பதியும். வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1889 பிப்ரவரி 11 அன்று மெய்ஜி அரசியலமைப்பு அறிவிக்கப்பட்ட அதே நாளில் கீழவைத் தேர்தல் சட்டமும் வெளியாயிற்று. அதன்படி, 25 வயது நிறைந்த ஆணாகவும், ஆண்டுக்கு 15 யென் அல்லது அதற்கு மேல் தேசிய நேரடி வரி செலுத்துபவராகவும் இருப்பவருக்கு மட்டுமே வாக்குரிமை கிடைத்தது. அந்நாளில் நேரடி வரி என்றால் பெரும்பாலும் நிலவரிதான். வருமான வரி 1887-இல்தான் வந்திருந்தது. நிலவரி, நிலத்துக்கு அரசு குறித்த மதிப்பில் இரண்டரை விழுக்காடு. ஆகவே 15 யென் நிலவரி கட்ட ஒருவருக்கு 600 யென் மதிப்புள்ள நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு உழைத்தவர், நகரத்துச் சிறு வணிகர், சொந்த நிலமில்லாத பள்ளி ஆசிரியர் ஆகியோரில் பெரும்பாலோர் இந்தக் கணக்குக்கு வெளியிலேயே நின்றார்கள். ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம், அதாவது நூற்றுக்கு ஒருவர். ஹொக்கைடோவுக்கும் ஒகினாவாவுக்கும் கீழவையின் 300 இடங்களில் ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை.

பெண்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்த அதே ஜூலை மாதத்தில் வெளியான ஒரு சட்டம், பெண்கள் அரசியல் கூட்டங்களுக்குச் செல்வதையும் அரசியல் கட்சிகளில் சேர்வதையும் தடை செய்தது. புதிய கீழவையின் முதல் அவைத்தலைவராகப் பொறுப்பேற்றவர் நகஜிமா நோபுயுகி. அவருடைய மனைவி கிஷிதா தோஷிகோ, 1880-களின் தொடக்கத்தில், நாடாளுமன்றம் வேண்டும் என்று போராடிய மக்களுரிமை இயக்கத்தின் மேடைகளில் பெண்களின் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசி, அப்பேச்சுக்காகவே கைதும் செய்யப்பட்டவர். கணவர் அவைக்குத் தலைமை ஏற்ற அந்த ஆண்டில், அவர் ஓர் அரசியல் கூட்டத்தில் பார்வையாளராக அமர்வதுகூடச் சட்டப்படி குற்றமாயிற்று. கீழவையின் விதிகளுக்கான வரைவும் பெண்கள் பார்வையாளர் மாடத்துக்கு வரக்கூடாது என்றே முதலில் கூறியது. பெண்கள் எதிர்த்து எழுதிய பின்னரே அந்தத் தடை விலக்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களின் ஆர்வம் என்று எழுதும்போது இவர்களையும் மக்களாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, கட்டுரை ஒரு சொல்லில்கூடத் தொடாத, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்தத் தேர்தலில் வாக்கு இரகசியமன்று. வாக்காளர் தாம் தேர்ந்தெடுக்கும் வேட்பாளரின் பெயரைச் சீட்டில் எழுதியதோடு, தம் பெயரையும் முகவரியையும் எழுதித் தம் முத்திரையையும் அதில் பதிக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அலுவலரே எழுதிக் கொடுப்பார். தென் ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் 1856-லேயே, பிரிட்டன் 1872-லேயே இரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்துவிட்டன என்பதை நினைவில் கொண்டால், வேறு வழி தெரியாமல் கைக்கொண்ட முறை இது என்று சொல்வதற்கில்லை. ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக 1,500 வாக்காளர்களே இருந்த தொகுதிகளில், யார் யாருக்கு வாக்களித்தார் என்பது மட்டுமன்றி, யார் வரவில்லை என்பதும் ஊரார்க்கும் அதிகாரிகளுக்கும் தெரிந்தே இருந்திருக்கும். அத்தகைய இடத்தில் 94 விழுக்காடு என்பதில் ஆர்வம் எவ்வளவு, கௌரவம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. அதை ஆர்வம் என்று மட்டும் படிப்பது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமன்று.

இப்படிச் சொல்வதால் அந்தத் தேர்தல் பொருளற்றது என்று நான் கருதுவதாகத் தயவுசெய்து கொள்ள வேண்டாம். 1887 டிசம்பரில் ஓர் அவசர ஆணையின் மூலம் தோக்கியோவிலிருந்து வெளியேற்றப்பட்ட அரசியல்வாதிகளுள் நகஜிமாவும், எழுத்தாளரும் சிந்தனையாளருமான நகாயே சோமினும் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில் இருவரும் மக்கள் பிரதிநிதிகளாகத் தலைநகருக்குத் திரும்பினர். ஒசாகாவில் நின்ற சோமின், சமூகத்தால் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குத் தம் குடும்பப் பதிவை மாற்றிக்கொண்டு, அம்மக்களின் ஆதரவோடு வென்றார். முதல் அவையில் அரசை எதிர்த்த மக்கள் கட்சிகளே பெரும்பான்மை பெற்றன. பிரதமர் யமகதா அரிதோமோவின் வரவு செலவுத் திட்டத்தை வெட்டத் துணிந்த அவர்கள், பின்னர் ஒரு பகுதியினர் அரசோடு உடன்பாடு செய்துகொண்டதால் பின்வாங்க நேர்ந்தது. அதைப் பொறுக்காத சோமின் 1891-லேயே பதவி விலகினார்.

நான் வற்புறுத்த விரும்புவது 1892-ஐத்தான். கட்டுரையாளர் 1890-உடன் நிறுத்திவிட்டார். 1891 டிசம்பர் 25 அன்று, யமகதாவுக்குப் பின் பிரதமரான மட்சுகதா மசயோஷியின் அரசு அவையைக் கலைத்தது. இரண்டாம் தேர்தல் 1892 பிப்ரவரி 15 அன்று நடந்தது. அதில் மக்கள் கட்சிகளைத் தோற்கடிக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் ஷினகவா யாஜிரோவின் கீழ் ஆளுநர்களும் காவல் துறையினரும் வெளிப்படையாகவே களத்தில் இறங்கினர். அரசின் கணக்கின்படியே 25 பேர் இறந்தனர், 388 பேர் காயமுற்றனர். வன்முறை மிகக் கடுமையாக இருந்த இடங்கள் கோச்சியும் சாகாவும். கோச்சி, மக்கள் கட்சிகளுள் ஒன்றான ஜியூத்தோ கட்சியின் தலைவர் இத்தகாகி தைசுகேயின் சொந்த மண். சாகா, மற்றொரு மக்கள் கட்சியான கைஷின்தோவை உருவாக்கிய ஒக்குமா ஷிகெனோபுவின் சொந்த மண்.

அன்றும் சீட்டில் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, முத்திரை இருந்தது. வாக்குச்சாவடிக்குச் செல்லும் வழியிலும் அதன் வாசலிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தே, தங்கள் பெயரை எழுதி முத்திரையிட்டு, வாக்காளர்கள் மீண்டும் மக்கள் கட்சிகளையே அவையின் பெரும்பான்மையாக அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலவுடைமையாளர்கள் என்பதும், நிலவரியைக் குறைக்க வேண்டும் என்ற சொந்த நலன் அவர்களுக்கு இருந்தது என்பதும் உண்மையே. எனினும் நலன் இருக்கும் எல்லோரும் காவலர் முன்னிலையில் தம் பெயரைப் பகிரங்கமாக எழுதிக் கொடுக்க முன்வருவதில்லை. ஜப்பானிய வாக்காளரின் துணிவைப் பற்றி எழுத வேண்டுமானால் இந்த பிப்ரவரி மாதத்தைத்தான் எழுத வேண்டும். ஷினகவா மார்ச் மாதம் பதவி விலகினார். மே மாதம் கீழவை தேர்தல் தலையீட்டைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரபுக்கள் நிறைந்த மேலவையும் கண்டனம் தெரிவித்தது. மட்சுகதாவின் அமைச்சரவை ஆகஸ்டில் வீழ்ந்தது.

சீட்டில் வாக்காளர் பெயர் எழுதும் முறை 1900-இல் செய்யப்பட்ட திருத்தத்தால்தான் ஒழிந்தது. அப்போதே வரி வரம்பும் 10 யென்னாகக் குறைந்தது. வரி நிபந்தனை இன்றி ஆண்கள் அனைவரும் வாக்களிக்க 1928 வரையும், பெண்கள் வாக்களிக்க 1946 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடரின் நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பள்ளி மாணவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் அறிவேன். அதனாலேயே இரண்டு வேண்டுகோள்கள். பழைய தேர்தல்களின் வாக்குப்பதிவு விழுக்காட்டை வெளியிடும் இடங்களிலெல்லாம், மொத்த மக்களில் எத்தனை பேருக்கு வாக்குரிமை இருந்தது, வாக்கு இரகசியமாக இருந்ததா என்ற விவரங்களையும் அதன் அருகிலேயே அச்சிடுங்கள். ஜப்பானைப் பற்றிய கட்டுரையை நூலாகத் தொகுக்கும் எண்ணம் இருந்தால், 1892 தேர்தலுக்கு அதில் ஒரு முழுப் பகுதி ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.